என் வண்டி, அவன் உதை

மோட்டார் சைக்கிள் என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நாட்களில் திருவள்ளூரில் யாரும் இதை நம்பவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது என் பெயர். வரி கட்டியவன் நான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கோணியைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் மூடியவனும் நான். ஆனால் கடைத்தெருவில் அது நின்றால், மெக்கானிக் வண்டி இங்கே நிற்கிறதே, ஆள் எங்கே என்றுதான் கேட்பார்கள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் நான் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. என் மேஜைக்கு நேரான ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அந்த வண்டி நான்கு வருஷம் நின்றது. சண்டைக்காலத்தில் பட்டாளத்துக்காக இங்கிலாந்தில் செய்தது. சண்டை முடிந்து கழித்துவிட்டபோது யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார். அவர் இறந்ததும் அவருடைய மகன்கள் இரண்டு பேரும் எனக்குத்தான், எனக்குத்தான் என்று கோர்ட்டுக்கு வந்துவிட்டார்கள். டாங்கியில் எழுதியிருந்த கம்பெனிப் பெயர்கூட மூன்று பூச்சுப் பச்சைப் பெயிண்டுக்குள் மறைந்து போயிருந்தது. "பச்சை வர்ணமுள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று, ஓடும் நிலையில் இல்லாதது" என்று அந்த வழக்கின் நகல்களில் நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் தலையைத் தூக்கி ஒரு முறை பார்த்துக்கொள்வேன். கடைசியில் கோர்ட் அதை ஏலம் விட்டது. கோர்ட் சிப்பந்தி ஏலம் கேட்கக் கூடாது. ஏலத்தில் எடுத்தவரோ அதைத் தன் ஊருக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கே அலுத்துக்கொண்டார். மறுவாரமே அவரிடமிருந்து நான் வாங்கிவிட்டேன்.

எங்களுடையது பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். அப்பாவுக்கு வண்டியின் சத்தத்தைவிட அதன் இருக்கைதான் உறுத்தியது. அசல் மாட்டுத்தோல். அதில் உட்கார்ந்துவிட்டு அப்படியே ஆத்துக்குள் நுழையாதே என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். ஆகவே இருக்கையின் மேல் பழைய வேஷ்டியை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்காருவேன். இறங்கியதும் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு பின்கட்டு வழியாக உள்ளே வருவேன். இத்தனை மரியாதை செய்தும் அது எனக்குக் கிளம்பவில்லை.

பழைய இங்கிலீஷ் வண்டியைக் கிளப்ப ஒரு பக்குவம் வேண்டும். கார்புரேட்டரின் பக்கத்தில் இருக்கும் குமிழைப் பெட்ரோல் கசிகிற வரைக்கும் அழுத்த வேண்டும். ஹேண்டிலில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதை நகர்த்தி, எஞ்சினுக்குள் பொறி விழுகிற நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்தி, எங்கே இறுகுகிறது என்று பார்த்து, அங்கிருந்து ஒரே உதை. லீவர் ஒரு நூல் முன்னே இருந்தாலும் வண்டி திருப்பி உதைக்கும். என்னை உதைத்தது. முழங்காலுக்குக் கீழே வீங்கி, ஒரு வாரம் கோர்ட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன். கேட்டவர்களிடம் படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.

அந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து வந்தவனும் நான்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவன். படகையும் வலையையும் தம்பிகளிடம் விட்டுவிட்டு வந்து, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தான். கிட்டத்தட்ட என் வயது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வாசலில் உட்கார்ந்து வண்டியைக் கழற்றிப் பூட்டினான். மூன்றாவது ஞாயிறு மத்தியானம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலால், ஒரே ஒரு உதை விட்டான். தெரு முழுக்கத் தடதடத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சந்தோஷம் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, இப்போது நீங்கள் உதையுங்கள் என்றான். உதைத்தேன். ஏழு தடவை. எதிர்வீட்டு ரிட்டையர்டு வாத்தியார் தன் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாவதற்குக் காலைத் தூக்கியபோது அவன் மெல்ல என் தோளைத் தொட்டான்.

"இன்னா சாமி, அத்த மாடு மாதிரி போட்டு ஒதைக்கிறீங்க. தள்ளுங்க."

முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தது கேட்டது. கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் பட்டறைக்குப் போகிற வழியில் அவன் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்துவான், ஒரு உதை விடுவான், போய்விடுவான். நான் ஏறிக் கோர்ட்டுக்குப் போவேன். சாயங்காலம் கோர்ட் வாசலுக்கு வந்து இன்னொரு உதை. சொந்த வண்டி வைத்திருக்கிறவன் அதைக் கிளப்ப வேறொருத்தனுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற கண்றாவியை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஒரு நாள் முன்சீப் படியிறங்கி வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தினமும் குமாஸ்தாவைக் கொண்டுபோய் விடுகிறாயே, நல்ல மனசு உனக்கு என்று அவனைப் பாராட்டிவிட்டுப் போனார்.

வண்டி ஒரு முறை கிளம்பிவிட்டால் நான் அதை நிறுத்த மாட்டேன். காய்கறிக் கடையில் நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கத்தரிக்காய் விலையைக் கத்திக் கேட்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பூண்டி ஏரிக்குப் போனேன். அன்றைக்குத்தான் வண்டி எனக்குச் சொந்தமானது மாதிரி இருந்தது. அவள் ஒரு கையால் புடவையையும் இன்னொரு கையால் என் இடுப்பையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் எஞ்சினை ஓடவிட்டபடியே தண்ணீரைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூடேறி அது நின்றுபோனது.

ஒரு மணி நேரம் உதைத்தேன். வேஷ்டி கிழிந்தது. கடைசியில் திருவள்ளூருக்குப் போகிற ஒரு லாரிக்காரரிடம் சொல்லியனுப்பச் சொன்னது என் மனைவிதான்.

"ஏன்னா, அவரையே வரச் சொல்லிடுங்கோளேன். அவர் தொட்டாத்தான் அது கேக்கறது."

வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தான். வந்த மூச்சு அடங்குவதற்கு முன்பே ஒரு உதை. கிளம்பிவிட்டது. என் மனைவி கூஜாவில் மீதியிருந்த மோரை அவனுக்கு ஊற்றிக்கொடுத்தாள். அது எனக்காகக் கொண்டுவந்த மோர். வயிறு எரிந்தது எனக்கு. அவன் மேல் அவளுக்கு ஒன்றும் இல்லை என்பது நன்றாகத் தெரியும். அவளுக்கு அந்தத் தடதடப்புப் பிடிக்கும், அதைக் கொண்டுவருகிறவன் அவன், அவ்வளவுதான். ஆனால் பொறாமைக்கு அவ்வளவே போதும். அவனுடைய வெறுங்கால் பாதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலில் என்ன இருக்கிறது, என் காலில் என்ன இல்லை என்று கிணற்றடியில் உட்கார்ந்து என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

இப்படியே சில வருஷங்கள் ஓடின. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்த சமயம். அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். புதிதாகக் கட்டி முடித்த ஒரு தொழிற்சாலையில் எஞ்சின் மெக்கானிக் வேலை. நிரந்தரம். இன்ன தேதியில் காலை ஒன்பது மணிக்குள் கைச்சாமான்களோடு வர வேண்டும், ஓடாத ஒரு எஞ்சினைக் கொடுப்பார்கள், ஓட்டிக் காட்ட வேண்டும், தாமதமாக வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவனுக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். பட்டறையில் வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. நான் படித்துச் சொல்லச் சொல்ல, எண்ணெய்க் கறை படிந்த கையை லுங்கியில் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தான். அந்த எஞ்சினை அவன் ஓட்டிக் காட்டிவிடுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிரந்தர வேலை என்கிற வார்த்தையை என் வாயாலேயே படித்தேன், அதுவும் கசந்தது.

அன்றைக்கு ஒரு நாள் வண்டியைக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், ஒன்று லேட்டானாலும் பேஜாராகிவிடும் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள், எடுத்துண்டு போகட்டுமே, அவர் வண்டி மாதிரிதானே என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அவர் வண்டி மாதிரிதானே. அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். நான் சரி என்றேன்.

அவன் போக வேண்டிய நாளுக்கு முதல் நாள் அமாவாசை. எங்கள் கோயில் குளத்தில் அமாவாசையன்று வெல்லம் கரைப்பது வழக்கம். தண்ணீரில் வெல்லம் கரைகிற மாதிரி உடம்பிலிருக்கிற நோய் கரைந்து போகும் என்று நம்பிக்கை. எங்கெங்கிருந்தோ வருகிற ஜனங்களுக்காக எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெல்லத்தை உடைத்துக் கூடையில் வைத்திருப்பார்கள். நான் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பார்த்துவருகிறேன். கட்டியைப் போட்டுவிட்டு மூன்று முழுக்குப் போட்டு எழுந்தால் கட்டி இருக்காது. வெல்லம் கரையும், அதுதான் வெல்லத்தின் குணம் என்பது என் ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

அன்று மத்தியானம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். கூடையில் மிஞ்சியதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகித் திறந்து உள்ளே போட்டேன். அவன் வேலையைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. இதை எழுதுகிறபோது யாரும் நம்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. நான் நினைத்தது இவ்வளவுதான். விடிவதற்குள் கரைந்து பாகாகிவிடும். காலையில் அவன் வருவான், என் மனைவி பார்த்துக்கொண்டு நிற்பாள், அவன் உதைப்பான், கிளம்பாது. மறுபடி உதைப்பான், கிளம்பாது. எதிர்வீட்டு வாத்தியார் எண்ணுவார். ஒரே ஒரு தடவை அவனும் என்னை மாதிரி வியர்த்து நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் அவன் ஆறரை மணி ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர்ந்துவிடுவான். ரயில் நேரத்தைக்கூட விசாரித்து வைத்திருந்தேன்.

விடிகாலையில் ஸ்நானம் செய்து, சட்டை போட்டு, எண்ணெய் தடவித் தலையை வாரிக்கொண்டு வந்தான். அவனைச் சட்டையில் பார்த்ததே அபூர்வம். கைச்சாமான் பையைப் பின்னால் கட்டினான். என் மனைவி தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். நான் தூணில் சாய்ந்து பல் துலக்கிக்கொண்டு, நிதானமாக, அந்த உதைக்காகக் காத்திருந்தேன்.

முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது.

அப்போதாவது நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும், டாங்கியைப் பார் என்று. எனக்கு வந்தது அந்த வார்த்தை இல்லை. வெல்லத்தைக்கூட வென்றுவிட்டானே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவன் என் பக்கம் திரும்பி, போய்விட்டு வருகிறேன் என்று கும்பிட்டான். வாயில் நுரையோடு தலையை ஆட்டினேன். கோர்ட்டுக்கு நடந்து போனேன். அன்றைக்கு எழுதிய நகல்களில் மூன்றைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

சாயங்காலம் நான் கோர்ட்டிலிருந்து வீடு திரும்பிய சற்று நேரத்தில் வந்தான். தூரத்திலேயே வண்டியின் சத்தம் கேட்டது, அதனால் எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நினைத்து வாசலுக்கு வந்தேன். சட்டை முழுக்க எண்ணெயும் புழுதியும். இறங்கியதும் பையிலிருந்து தயிர்சாதம் கட்டிய இலையை எடுத்துப் பிரித்துக் காட்டினான். உள்ளே என் வெல்லக் கட்டிகள். போட்டது போட்டபடி, ஓரம் மட்டும் உதிர்ந்து, பெட்ரோல் நாற்றத்தோடு இருந்தன.

வெங்கல் தாண்டிப் பெரியபாளையம் போகிற வழியில் வண்டி நின்றிருக்கிறது. பெட்ரோலில் வெல்லம் கரையாது என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முழுக் கட்டி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஓடுகிற ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூளாகி டாங்கியின் குழாயை அடைக்கும். பழைய டாங்கியின் அடியில் துளித் தண்ணீர் எப்போதும் நிற்குமாம், அதில் கரைந்த பாகு கார்புரேட்டரின் ஊசித்துளையை மூடிவிட்டது. இரண்டு பக்கமும் வயல், பஸ் வருகிற நேரமும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, இருந்த பெட்ரோலைக் கீழே ஊற்றிக் கழுவி, பெரியபாளையம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்ரோல் வாங்கி ஊற்றிக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கேட் சாத்தியிருந்தது. காவல்காரர் கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு எஞ்சின் கிளம்புகிற சத்தம் கேட்டது என்றான். வேறு எவனோ ஓட்டிக் காட்டியிருக்கிறான்.

எங்கள் வாசலிலேயே கிளம்பாமல் நின்றிருந்தால் ரயிலில் போயிருப்பான். வெல்லம் கரைந்திருந்தால் அவனுக்கு அந்த வேலை கிடைத்திருக்கும். நான் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்தான்.

"உங்க மேல யாருக்கோ பொறாமை சாமி. உங்ககிட்ட வண்டி கீதுன்னு வயிறு எரியுது. இது இந்தத் தெருவுல ஒடைச்ச வெல்லந்தான்."

கண்ணால் எதிர்வீட்டைக் காட்டினான். வாத்தியார் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தத்தால் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று அவர் ஒரு முறை சண்டைக்கு வந்தது அவனுக்கு நினைவிருந்தது. அவராகத்தான் இருக்கும், இல்லையா என்று கேட்டான்.

"இருக்கும்" என்றேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவனுக்கு மனசில்லை போலிருக்கிறது. மனைவி காத்துக்கொண்டிருப்பாள் என்று இரண்டு தடவை சொன்னான், ஆனால் போகவில்லை. சட்டையைக் கழற்றி எங்கள் வாசல் மாமரத்தில் மாட்டிவிட்டு, பையைப் பிரித்து, வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கு எதற்கு இது, போய்ச் சாப்பிடு என்றேன். கேட்கவில்லை. இருட்டுகிற நேரம் வரைக்கும் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவைத் திறந்து எதையோ ஒரு நூல் தள்ளுவதும் மூடுவதுமாக இருந்தான். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இனிமே நா தொடல சாமி. நா தெனம் வந்து கெளப்பிக் குடுக்கறதப் பாத்துதான் உங்க மேல கண்ணு வெக்கிறாங்க. கொஞ்சம் வேகம் கம்மியாவும், ஆனா நீங்க ஒதைச்சா கெளம்பற மாதிரி வெச்சிருக்கேன். வாங்க."

நான் மாட்டேன் என்றேன். அவன் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினான். கிக்கரில் காலை வைத்து, கிளம்பக் கூடாது என்று நிஜமாகவே பெருமாளை வேண்டிக்கொண்டு, உதைத்தேன்.

கிளம்பிவிட்டது. அவன் கை தட்டினான். வாழ்க்கையில் கிடைக்கவிருந்த ஒரே நல்ல வேலையைக் காலையில் தொலைத்துவிட்டு வந்தவன், என் வண்டி எனக்குக் கிளம்பிவிட்டது என்பதற்காக வாய்விட்டுச் சிரித்தான். அம்மா, வந்து பாருங்க, சாமி கெளப்பிட்டாரு என்று என் மனைவியைக் கூப்பிட்டான். அவளும் ஓடிவந்தாள். இத்தனை வருஷம் நான் ஏங்கியது அதுதான். ஆனால் நான் அவளைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தனுக்கு ஒன்று கிடைத்ததற்காக ஒரு மனுஷனுக்கு இப்படிச் சந்தோஷம் வருமா என்று பார்த்தேன். எனக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை என்று தெரிந்தது. வண்டி எனக்குக் கீழே தடதடத்துக்கொண்டிருந்தது. அப்போதும் அவன் மேல் எனக்குப் பொறாமைதான் வந்தது.